ஊஞ்சலில் ஒட்டிய காந்தம்

ஹஜ்ஜுப் பெருநாள் அன்று சாயங்காலம் மகளை ஊசி போடத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. பூங்காவில் சறுக்குமரத்தின் ஓரத் தகடு துருவேறிப் பிய்ந்து நின்றிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். பெருநாள் இரவாயிற்றே, யார் இருக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். ஆள் இருந்தது. டி.டி. ஊசி, மருந்து, கட்டு எல்லாம் பத்தே நிமிடம், காசு கிடையாது. நர்ஸம்மா கீறலைப் பார்த்துவிட்டு "பார்க்கா?" என்று மட்டும் கேட்டார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

ராமநாதபுரம் மாவட்டத்தில் தென்கடல் பக்கம் எங்கள் ஊர். பெயர் வேண்டாம், நகராட்சியா பேரூராட்சியா என்பதும் வேண்டாம், சொன்னால் ஊரைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். நான் சிங்கப்பூர் போய் 19 வருடம். கப்பல் பட்டறையில் பெயிண்ட் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. அதாவது உப்புக்காற்றும் இரும்பும் போடும் சண்டையில் யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்த்து எழுதுவதுதான் சோறு போடுகிறது. 2025 ஜூன் விடுமுறையில் வந்தபோது வேறு சில காரியங்களும் இருந்தன. உம்மா பேரில் இருக்கும் வீட்டுக்குச் சொத்து வரியை ஏப்ரலிலேயே அங்கிருந்தபடி ஆன்லைனில் கட்டியிருந்தேன்; அரையாண்டு தொடங்கி ஒரு மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. இ-சேவையில் ஒரு சான்றிதழ், மூன்று நாளில் வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. பூங்காதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

மறுநாள் காலையில் தனியாகப் போனேன். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வாங்கிவந்த மெர்லயன் காந்தம் ஒன்று சட்டைப்பையில் கிடந்தது. ஊஞ்சல் கம்பத்தில் வைத்தேன், டப்பென்று ஒட்டிக்கொண்டது. சறுக்குமரம், தட்டாமாலை, வேலிக்கம்பி என்று எல்லாவற்றிலும் ஒட்டியது. நல்ல துருப்பிடிக்காத எஃகு என்றால் பெரும்பாலும் ஒட்டாது. இது எல்லாம் சாதா இரும்பு, அதன்மேல் இரண்டு கை எனாமல் பெயிண்ட். வெல்டிங் வைத்த இடமெல்லாம் பெயிண்ட் உப்பி, அடியில் செதில் செதிலாகத் துரு. கம்பம் சிமெண்டுக்குள் இறங்கும் இடத்தில் விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. ஆறு ஊஞ்சலில் இரண்டுதான் ஆடுகிறது. திறந்து மூன்று வருடம் ஆகிறதாம். கச்சான் காற்று உப்பை வாரிக்கொண்டு வந்து கொட்டுகிற இடத்தில் மூன்று வருடம் நின்றதே பெரிய விஷயம் என்றுதான் என் தொழில்புத்திக்குப் பட்டது.

அதற்கு முந்தைய வாரம்தான் பிள்ளைகளைப் பாம்பனுக்குக் கூட்டிப்போயிருந்தேன். ஏப்ரல் 6-ம் தேதி திறந்த புது ரயில் பாலம். 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி 17 மீட்டர் உயரம் மேலே போகும் என்று பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் பெயிண்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, வெளியே உப்பைத் தாங்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சு, மூட்டெல்லாம் முழு வெல்டிங். பக்கத்தில் நின்ற 1914-ம் வருடத்துப் பழைய பாலம் உப்போடு நூறு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் புதுசை அப்படிக் கட்டியிருக்கிறார்கள். பூங்கா ஊஞ்சலுக்குப் பாலிசிலாக்ஸேன் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதே கடல், அதே காற்று, அவ்வளவுதான்.

புல்லைப் பற்றிச் சொன்னால்தான் எங்கள் லாத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, வயிற்றெரிச்சல் தீரும். பூங்கா திறந்தபோது நடுவில் கொரியன் புல் போட்டு, ஓரத்தில் அலங்காரப் பனை நட்டார்களாம். பனைமரத்துக்குப் பேர்போன மாவட்டத்தில் காசு கொடுத்து அலங்காரப் பனை! எங்கள் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், சில வாரம் அதுவும் இல்லை. விடியுமுன் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் போவதும் வருவதும் நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பார்த்த அதே காட்சி; வண்டிச் சக்கரம் மட்டும் ரப்பராகியிருக்கிறது. "நாங்க குடத்துக்குக் காசு குடுத்துக் குடிக்கிறோம், அது லாரித் தண்ணி குடிச்சிச்சு தம்பி" என்றாள் லாத்தா. முதல் கோடையிலேயே லாரி நின்றுபோனது. புல் இருந்த இடத்தில் இப்போது நெருஞ்சி. பனையில் மூன்று மிச்சம், அதுவும் காய்ந்த துடைப்பம் மாதிரி.

கழிப்பறை கட்டியிருக்கிறார்கள், நல்ல டைல்ஸ். பூட்டு தொங்குகிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார். ஆம்பிளைகள் கடல் பக்கம் போய்விடுகிறார்கள். பெண்கள் அரைமணி நேரத்தில் பிள்ளையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். பூங்காவுக்குக் கூட்டம் வரவில்லை என்று ஒரு கவுன்சிலர் வருத்தப்பட்டாராம்.

சரி, கேட்டுவிடுவோம் என்று உள்ளாட்சி ஆபீசுக்குப் போனேன். சண்டை போடும் எண்ணத்தில்தான் போனேன். அங்கிருந்த இளைஞர், ஓவர்சீயர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னதில் பாதிக் கோபம் போய்விட்டது. முழுதும் கேட்டுவிட்டு, "பாய், கட்டுறதுக்கு ஸ்கீம் இருக்கு. காக்குறதுக்கு ஸ்கீம் இல்ல" என்றார். இதைவிட நேராக யாரும் சொல்லிவிட முடியாது.

அவர் சொன்னதையும் நான் பிறகு படித்துப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் எல்லாம் நகர உள்ளாட்சியின் வேலைப் பட்டியலில் இருக்கிறது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் அப்படித்தான் சொல்கிறது. வேலை கீழே, பணம் மேலே. கட்டுவதற்கு மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். எம்.எல்.ஏ. நிதி வருடத்துக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. இவையெல்லாம் சொத்து உண்டாக்கத் தரும் பணம். கல்வெட்டு வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம், தினமும் காலையில் செடிக்குத் தண்ணீர் விடும் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. மத்திய அரசிடமிருந்து 2025-26 வரைக்குமான 15-வது நிதிக்குழு மானியம் வருகிறதே என்றேன். அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும் என்று கட்டிப்போட்ட பணம். மீதி 40 சதவீதத்திலும் சம்பளம் போடக் கூடாது என்று விதி. ஆக, காவல்காரருக்கும் தோட்டக்காரருக்கும் பொது நிதிதான் கதி. எங்கள் ஊர் பொது நிதி என்பது சொத்து வரி, கடை வாடகை, இன்னும் சில சில்லறை. தெருவிளக்கு, குப்பை, மோட்டார் ரிப்பேர் எல்லாம் போக அதில் என்ன நிற்கும்?

எஸ்டிமேட் பற்றியும் கேட்டேன். உள்நாட்டில் கட்டும் பூங்காவுக்குப் போடும் அதே எஸ்டிமேட்தானாம். "கடல் பக்கம்னு தனியா ஐட்டம் இல்ல பாய், போட்டா மேல கேள்வி கேப்பாங்க." கூடுதல் விலைக்குப் பதில் சொல்வதைவிட மூன்று வருடத்தில் துருப்பிடிப்பது எளிது. அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு மாதாமாதம் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கை, பிற்காலத்தில் பழையதை மாற்றுவதற்கென்று சட்டப்படி தனியாக எடுத்துவைக்கிறார்கள். இதை வீட்டில் சொல்ல வாயெடுத்தேன். "ஆரம்பிச்சிட்டான்" என்று லாத்தா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒருவிதத்தில் அவள் செய்தது சரி. அங்கே கட்டணத்தை மாதாமாதம் கறக்கிறார்கள் என்பதை நான் சொல்வதில்லை. இங்கே வரி ஏறினால் முதலில் குரல் உயர்த்துவது வெளிநாட்டில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள்தான். பூட்டிய வீட்டுக்கு எதுக்கு இவ்வளவு என்று 2022-ல் சொத்து வரி ஏறியபோது நானும் புலம்பியிருக்கிறேன்.

இடமும் ஒரு கதை. பெரிய மனைப்பிரிவு, 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுப்பவர் எந்த மூலையைக் கொடுப்பார் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் பூங்கா நிற்பது உவர் பூத்த பள்ளம். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர்.

ஊர் ஜனம் நிஜமாகப் பொழுதுபோக்கும் இடம் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், யாரும் ரிப்பன் வெட்டாத இடம். பூவரசு நாலு, வேம்பு ரெண்டு, அடியில் மணல். தடைக்காலம் என்பதால் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில்தான் நின்றது. வலை பொத்துகிற காக்காமார் (அண்ணன்மார்) பழைய கயிற்றில் டயரைக் கட்டிப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கட்டுப் போட்ட காலோடு என் மகள் அங்கேதான் கிடந்தாள். எந்தக் கம்பத்திலும் துரு இல்லை, ஏனென்றால் கம்பமே இல்லை. அந்தப் பூவரசுக்கு யார் தண்ணீர் விட்டார்கள்? உப்புத் தண்ணீரில் வேர்விட்டு நிற்கிற ஜாதி அது.

வார்டு ஜனம் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டம் என்று ஒன்று 2022 நவம்பர் 1-ல் தொடங்கியதிலிருந்து லாத்தா இரண்டு தடவை போயிருக்கிறாள். தெருவிளக்கும் சாக்கடையும் பேசி முடியவே நேரம் போய்விடுமாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதிப் போடலாம் என்று நான்தான் சொன்னேன். பிறகுதான் உறைத்தது, அந்தச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும். நான் பாஸ்போர்ட்டை மாற்றி ஏழு வருடம். வரி கட்டலாம், கேள்வி கேட்க முடியாது. லாத்தா கையெழுத்துப் போட்டாள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எஸ்டிமேட் நகல், பராமரிப்புக்கு எந்தக் கணக்கில் எவ்வளவு, கழிப்பறைச் சாவி யார் பொறுப்பில் என்று மூன்றே கேள்வி கேட்டிருந்தோம். சாவி கேள்வி அவள் சேர்த்தது.

நான் திரும்பி வந்தபிறகு, முப்பது நாள் முடிகிற அன்று பதில் வந்தது. வாட்ஸ்அப் வாய்ஸில் வாசித்துக் காட்டினாள். எஸ்டிமேட் பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி வாங்கிக்கொள்ளலாம். பராமரிப்பு: பொது நிதியிலிருந்து தேவைக்கேற்ப. சாவி பற்றி ஒரு வரியும் இல்லை; ஆனால் அந்த வாரமே சாவி பக்கத்து டீக்கடை ஆணியில் தொங்க ஆரம்பித்துவிட்டதாம். "இப்ப பெட்டைப் புள்ளைக மக்ரிப் வரைக்கும் இருக்குதுக" என்றாள். மக்ரிப் என்றால் அந்தித் தொழுகை நேரம்.

அடுத்த கூட்டத்துக்குப் போகப்போகிறாளாம். ஊஞ்சலை மறுபடி செய்தால் என்ன பெயிண்ட் என்று தமிழில் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறாள். துருவை மணல் அடித்துச் சுத்தம் செய்து, முதல் கை ஜிங்க் பிரைமர், இரண்டாவது எபாக்ஸி, மேலே பாலியூரித்தேன். முடிந்தால் கம்பத்தையே ஜிங்க்கில் முக்கி எடுத்தது வாங்கவும் என்று எழுதியிருக்கிறேன். கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்: புல் வேண்டாம், பூவரசு வையுங்கள்.