கொங்கந்தான்பாறை விலக்கில் எந்தப் பாலம்?

"கத்திப்பாரா மாதிரி ஒண்ணு நமக்கும் வரும்லா அண்ணாச்சி?" என்றார் டீக்கடைக்காரர். தாழையூத்தில் தொடங்கும் திருநெல்வேலி மேற்குச் சுற்றுச்சாலை கொங்கந்தான்பாறை விலக்கில் நாகர்கோவில் போகும் நாலுவழிச் சாலையைத் தொடும் என்ற பேச்சு வந்ததிலிருந்து இந்தக் கேள்விதான். சென்னைக் கத்திப்பாரா மேம்பாலம் மாதிரி இங்கே வராது. அது நாலு திசைச் சாலைகள் சந்திக்கிற இடத்துக்கானது. இங்கே சந்திப்பது மூன்று கைதான்: நாலுவழிச் சாலையின் இரண்டு பக்கம், சுற்றுச்சாலை ஒன்று. அதனால் போட்டி இரண்டு பால வடிவங்களுக்குள்: ட்ரம்பெட், டைமண்ட்.

ட்ரம்பெட்டில் ஒரு வளையம் இருக்கும். வலது பக்கம் திரும்ப வேண்டிய லாரி, இடது பக்கமாகவே முக்கால் வட்டம் சுற்றி வந்து சேரும். சிக்னல் கிடையாது, நிற்க வேண்டியதில்லை. தாழையூத்து சிமென்ட் லாரி நாகர்கோவில் பக்கம் போக இதைவிடச் சுகம் இல்லை. ஆனால் வளையத்தின் ஆரம் 60 மீட்டர் என்று வைத்தாலே உள்ளே 2.8 ஏக்கர் சும்மா அடைபட்டுவிடும். நடந்து கடக்கிறவனுக்கும், ஆடு ஓட்டிக்கொண்டு வருகிறவனுக்கும், டவுன் பஸ்ஸுக்கும் அங்கே வேலையே இல்லை.

டைமண்ட் நமக்குப் பழகினதுதான். கே.டி.சி. நகரில் நாலுவழிச் சாலை மேலே போக, தூத்துக்குடி சாலை கீழே போகிறதே, அந்த ரகம்; இரண்டையும் சாய்வுச் சாலைகள் இணைக்கும். நிலம் குறைவு, பஸ் இறங்கி ஆளை ஏற்றிவிட்டு மறுபடி மேலே ஏறிக்கொள்ளும். குறை என்னவென்றால் பாலத்தடியில் திரும்புகிற வண்டிகள் முட்டி நிற்கும். ரவுண்டானா போட்டால் கொஞ்ச காலம் தாங்கும்.

என் ஓட்டு டைமண்டுக்கு. முப்பது வருஷம் கழித்து கிழக்கே ஒரு சாலை வேண்டும் என்று வந்தால், ட்ரம்பெட்டில் நாலாவது கையை ஒட்ட முடியாது. இடித்துத்தான் கட்ட வேண்டும். டைமண்டில் அதைச் சேர்த்துவிடலாம். நெரிசல் மிகுந்தால் ஒரு மூலையில் மட்டும் வளையம் போடலாம். அந்த மூலை அப்போது காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அங்கேதான் சிக்கல். பாலம் வருமுன்னே மனைக்கல் வந்துவிடுகிறது. வெள்ளை பூசிய கல், கலர் கொடி, "பைபாஸிலிருந்து 2 நிமிடம்" என்று ஒரு போர்டு. பத்து வருஷத்தில் அந்த மூலையில் கல்யாண மண்டபமும் பெட்ரோல் பங்கும் நிற்கும். அப்புறம் நிலம் எடுக்கப் போனால் கோர்ட் படிதான்.

இதற்கும் இரண்டு வழி உண்டு. ஒன்று, 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி முழுமைத் திட்டத்தில் அந்த மூலையை ஒதுக்கிவைப்பது. காகிதத்தில் சுலபம். ஆனால் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நிலத்துக்காரன் வருஷக்கணக்கில் காத்துக் கிடப்பான். இன்னொன்று நிலத் தொகுப்பு: எல்லார் நிலத்தையும் சேர்த்து, சாலைக்கும் வடிகாலுக்கும் கழித்துக்கொண்டு, மிச்சத்தைத் திருத்தின மனையாகத் திருப்பித் தருவது. அகமதாபாத்தின் 76 கி.மீ. சுற்றுச்சாலைக்கு நிலம் கிடைத்தது பெரும்பாலும் இப்படித்தான். பரப்பு குறையும், மதிப்பு ஏறும். பட்டாக் குளறுபடி நிறைந்த நம் பக்கத்தில் இழுக்கும்தான். இருந்தாலும் எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது.

எந்த வழியானாலும் குளத்தையும் ஓடையையும் முதலில் வரைபடத்தில் குறிக்க வேண்டும். இது மானாவாரி பூமி. மழைத் தண்ணீர் ஓடை வழியாகத்தான் குளத்துக்குப் போக வேண்டும். பாலத்துக்கு மண்மேடு அடித்தால் அதுவே ஒரு கரை. புதிய பஸ் ஸ்டாண்டு இருக்கிற இடத்தின் பெயரே வேய்ந்தான்குளம்; குளம் இருந்த இடம் என்று பெயரே சொல்கிறது. 2023 டிசம்பரில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குள்ளேயே தண்ணீர் வந்ததை மறந்துவிட முடியுமா? மதகு எத்தனை, எவ்வளவு அகலம் என்பதைப் பாலத்தின் வடிவத்துக்கு முன்னால் பேச வேண்டும்.

டீக்கடைக்காரருக்குக் கடைக்குப் பின்னால் எட்டு சென்ட் இருக்கிறது. இதுவரை இரண்டு புரோக்கர்கள் வந்துபோயிருக்கிறார்கள். "கொடுக்கல அண்ணாச்சி. மூணாவது ஆளு என்ன சொல்லுதான்னு பாப்போம்" என்றார்.