மானியப் பட்டியல்: இணையதளமா, ஆர்.டி.ஐ.யா, கிராம சபையா?

கோத்தகிரி பக்கம் எங்கள் ஹட்டியில் (படகர் ஊரில்) கேரட் நிலத்துக்கு ஸ்பிரிங்ளர் மானியம் கேட்டு இரண்டு முறை மனு கொடுத்தேன். இரண்டு முறையும் "இந்த வருஷ ஒதுக்கீடு முடிஞ்சுபோச்சு" என்றார்கள். சரி, யாருக்குக் கொடுத்து முடிந்தது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த மூன்று வழியிலும் நடந்தேன்.

இணையதளம்தான் சுலபம். விவசாயிகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை தரும் பி.எம். கிசான் திட்டத்தின் தளத்தில் மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் வருஷத்துக்கு 6000 ரூபாய் வாங்குகிறவர்களின் பெயர் வந்துவிடும், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். ஆனால் நம் மலையில் ஒரு வருவாய் கிராமத்துக்குள் எத்தனையோ ஹட்டிகள், போஜன் என்ற பெயரே பல பேருக்கு இருக்கும். சர்வே எண் இல்லாமல் எந்த போஜன் என்று எப்படிச் சொல்வது? 2020-ல் தமிழகத்தில் இதே திட்டத்தில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போனது தெரியவந்து, சி.பி.சி.ஐ.டி. விசாரணை வரைக்கும் போனது. வெறும் பெயர்ப் பட்டியல் காவல் காக்காது.

ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுவது, மெதுவானது, ஆனால் ஆழமானது. 2005 சட்டத்தின் 4(1)(b)(xii) பிரிவின்படி மானியத் திட்டத்தின் தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும், நாம் கேட்கவே தேவையில்லை. நடப்பில் கேட்டால்தான் வருகிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் காத்திருப்பு. எனக்கு முதலில் "தனிநபர் தகவல், தர இயலாது" என்று ஒரே வரியில் பதில். மேல்முறையீடு செய்த பிறகுதான் பெயர், சர்வே எண், பரப்பு, தொகை எல்லாம் கைக்கு வந்தது. நுண்ணீர்ப் பாசனத்தில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் என்பதால், ஐந்து ஏக்கருக்குள் என்று சான்றிதழ் வாங்கியவருக்கு உண்மையில் எவ்வளவு நிலம் என்பதுதான் முக்கியமான கேள்வி, அதற்குப் பரப்பும் சர்வே எண்ணும் இல்லாமல் பதில் கிடைக்காது. 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபர் தகவல் விலக்கை இன்னும் இறுக்கமாக்கியிருக்கிறது, ஆகவே பொதுநலன் பற்றிய 8(2) பிரிவை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். அங்கே பட்டியலை வாசித்தால், "அந்த இடத்துல தேயிலைதானே நிக்குது, எங்க பைப் போட்டாங்க?" என்று கேட்க ஆள் இருக்கும், எந்த அதிகாரிக்கும் தெரியாததை ஊர் சொல்லிவிடும். சிக்கல் என்னவென்றால், ஹட்டியில் எல்லோரும் சொந்தக்காரர்கள், எழுந்து பேசினால் பகை. கேத்தி, அதிகரட்டி, சோலூர் மாதிரி பேரூராட்சிகளில் கிராம சபையே கிடையாது. கூடலூர் ஜன்மம் நிலத்தில் (உரிமை இன்னும் முடிவாகாத பழைய ஜமீன் மாதிரி நிலம்) பட்டா இல்லாமல் பயிர் செய்கிறவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது, வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான்.

2000 ரூபாய் தவணை வாங்குகிற பாட்டியின் பெயரை ஊர் நடுவில் வாசிக்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. ஐரோப்பாவிலும் இதே வழக்கு வந்தது. தொகை வித்தியாசம் பார்க்காமல் எல்லா தனிநபர் பெயரையும் வெளியிடுவது அளவுக்கு மீறியது என்று 2010-ல் அங்கே நீதிமன்றம் சொன்ன பிறகு, சிறு தொகை வாங்குகிறவர்களின் பெயரை மட்டும் மறைத்துவிட்டு மற்றவற்றை வெளியிட ஆரம்பித்தார்கள். இங்கேயும் அப்படிச் செய்யலாம், ஆனால் பசுமைக்குடிலுக்கு லட்சக்கணக்கில் வாங்கியவர் பெயரை மறைக்க எந்த நியாயமும் இல்லை.

என் ஓட்டு கிராம சபைக்குத்தான், ஆனால் ஆர்.டி.ஐ.யில் வாங்கிய பட்டியல் கையில் இருக்க வேண்டும். மனுவில் "எனக்கு ஏன் தரவில்லை" என்று எழுதாதீர்கள், அதற்குப் பதில் வராது. "இந்த நிதியாண்டில், இந்த வருவாய் கிராமத்தில், இந்தத் திட்டத்தில் மானியம் பெற்றவர்கள் பதிவேட்டின் நகல்" என்று கேளுங்கள். அக்டோபர் 2 கூட்டத்துக்கு வேண்டுமென்றால் ஜூன் மாதமே அனுப்பிவிடுங்கள், மேல்முறையீட்டுக்கும் நாள் வேண்டும்.