ஒரு செயலி, இரண்டு தரவுத்தளங்கள்: ஜாங்கோ ஓஆர்எம் பற்றி ஒரு மதிப்பீடு

பாரிமுனையில் பிளம்பிங் சாமான்களை மொத்தமாக விற்கும் ஒரு கடையின் சரக்கிருப்புக் கணக்கு பல ஆண்டுகளாக மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. அதை இடம் மாற்றக் கூடாது என்பது முதலாளியின் நிபந்தனை. ஆகவே, புதிய பில்லிங் செயலிக்குப் போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தளத்தை வைத்துக்கொண்டு, இரண்டையும் ஜாங்கோ என்ற பைதான் வலைச் செயலிக் கட்டமைப்பின் ஓஆர்எம் (தரவுத்தள அட்டவணைகளை நிரலிலிருந்தே கையாள உதவும் பகுதி) வழியாக இணைத்தோம்.

இந்த வசதி 2010-இல் வெளிவந்த 1.2 பதிப்பிலிருந்தே ஜாங்கோவில் உண்டு. இரு இணைப்புகளுக்கும் பெயர் கொடுத்ததும், 'இன்ஸ்பெக்ட்டிபி' கட்டளை பழைய அட்டவணைகளைப் படித்து, அவற்றைக் குறிக்கும் நிரல் வகுப்புகளான மாடல்களைத் தானே எழுதித் தந்தது. அவற்றில் 'மேனேஜ்ட்' என்பது 'ஃபால்ஸ்' என்றே வருவதால், அட்டவணை அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் பழைய அட்டவணைகளில் கை வைக்காது. எந்த மாடல் எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்பதை முடிவுசெய்யும் ரௌட்டர் எங்களுக்கு இருபது வரிகளுக்குள் முடிந்துவிட்டது.

ஆனால் ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்கு ஃபாரின் கீ (ஓர் அட்டவணையின் பதிவை மற்றோர் அட்டவணையின் பதிவோடு இணைக்கும் குறிப்பு) போட முடியாது. பில்லில் சரக்கின் எண்ணை மட்டும் வைத்து, பெயரையும் விலையையும் தனி வினவலில் எடுக்க வேண்டியிருக்கிறது. பழகிவிட்டால் இது பெரிய தொல்லை இல்லை.

பெரிய தொல்லை வேறு. இருப்பைக் குறைப்பதையும் பில்லைச் சேமிப்பதையும் ஒரே 'அட்டாமிக்' தொகுதிக்குள் (எல்லாம் நடக்கும், அல்லது எதுவுமே நடக்காது என்ற உறுதிக்காக) வைத்திருந்தோம். ஒரு மாலை பில்லைச் சேமிக்கும்போது பிழை எழுந்தது. பில் பதிவாகவில்லை, ஆனால் 12 பெட்டி எல்போ இருப்பிலிருந்து கழிந்துவிட்டது. கிடங்கில் பெட்டிகளை எண்ணிய பையன் வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. தளத்தின் பெயரைச் சொல்லாத 'அட்டாமிக்' முதன்மைத் தளத்தை (எங்களுக்குப் போஸ்ட்கிரெஸ்) மட்டுமே காக்கும் என்று ஆவணத்தில் இருக்கிறது. படிக்காதது எங்கள் தவறு. போதாக்குறைக்கு, அந்த இருப்பு அட்டவணை மைஎஸ்க்யூஎல்லின் மைஐசாம் என்ற சேமிப்பு வகை. அதில் டிரான்சாக்ஷனே (பிழை வந்தால் மாற்றங்களைத் திரும்பப் பெறும் வசதி) கிடையாது என்பதால், முதலாளியிடம் மன்றாடி அந்த வசதியுள்ள இன்னோடிபி வகைக்கு மாற்றினோம்.

இப்போது இரு தளங்களுக்கும் தனித்தனி 'அட்டாமிக்' தொகுதிகளை ஒன்றுக்குள் ஒன்றாக எழுதுகிறோம். அப்போதும், ஒன்று கமிட் ஆகி (நிரந்தரமாகப் பதிவாகி) மற்றது ஆவதற்குள் இணைப்பு அறுந்தால் கணக்கு இடிக்கும். இரண்டையும் சேர்த்துக் கமிட் செய்யும் ஏற்பாடு இந்த ஓஆர்எம்மில் இல்லை. பழைய தளத்திலிருந்து பெரும்பாலும் படிக்க மட்டுமே செய்வோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எங்களைப் போல இரண்டிலும் எழுதுவோர், கடை மூடிய பிறகு இருப்பையும் பில்லையும் ஒப்பிடும் ஒரு ஸ்கிரிப்டை முதல் நாளே எழுதிவிடுவது நல்லது.