யேல் கலைக்கூடத்தில் ஒரு வீட்டுச் சபையின் சுவர்கள்

அமெரிக்காவின் நியூ ஹேவனிலுள்ள யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆதித் திருச்சபையின் வழிபாட்டை அறிய விரும்புவோர் முதலில் டூரா யூரோபோஸ் சுவரோவியங்களைப் பார்க்கலாம். சிரியாவில் யூப்ரடிஸ் கரையிலிருந்த அவ்வூரில், கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதியில், சாதாரண வீடொன்றின் இரு அறைகளுக்கு இடைப்பட்ட சுவரை இடித்து, ஏறத்தாழ 70 பேர் கூடும் சபைக்கூடமாக்கினர். அடுத்த இருக்கைக்காரரின் பெயர்கூடத் தெரியாத இன்றைய பெருந்திரள் ஆராதனைகளில் அந்த நெருக்கத்தை எதிர்பார்க்க முடியாது. ஓவியங்களைத் தீட்டியதோ ஞானஸ்நான அறையில்தான்: தொட்டிக்கு மேலே ஆட்டைத் தோளில் சுமக்கும் நல்ல மேய்ப்பர், பக்கச் சுவரில் இயேசு குணமாக்கியபின் படுக்கையைச் சுமந்து நடக்கும் திமிர்வாதக்காரன் (முடக்குவாதக்காரன்). நிறம் மிகவும் மங்கியிருப்பதால் நிதானமாகப் பார்க்க வேண்டும். பாரசீகரின் முற்றுகைக்கு அஞ்சி, நகர மதிலை வலுப்படுத்த அதை ஒட்டியிருந்த இவ்வீடும் புதையும்படி மண் நிரப்பியதாலேயே இவை தப்பின.