இறுக்கமும் இளக்கமும்: வீட்டுப் பட்டறையில் ஒரு ஸ்பிளெண்டருடன் பத்து ஆண்டுகள்

ஹீரோ ஹோண்டா என்ற கூட்டுப் பெயர் வழக்கிலிருந்த கடைசிக் காலத்தில், 2010இல் வாங்கிய ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டியை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கம்பிச் சக்கரம், முன்னும் பின்னும் டிரம் பிரேக், கார்புரேட்டர், உதைத்துக் கிளப்பும் கிக்கர் என்று எல்லாமே பழைய அமைப்பு. முதல் ஐந்து ஆண்டுகள் அதன் பராமரிப்பு முழுவதும் மெக்கானிக் கடையில்தான் நடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில், முடிச்சூர்ப் பக்கம் இருந்த எங்கள் வீட்டு போர்டிகோவில் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. நீர் வடிந்த பிறகு தாம்பரம் வட்டாரத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் வண்டிகள் சாலை வரை வரிசையில் நின்றன. எங்கள் தெரு மெக்கானிக் மூன்று வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டு, "அதுவரைக்கும் கிக்கரை மட்டும் தொட்டுடாதீங்க சார்" என்று எச்சரித்தார். ஏன் தொடக் கூடாது என்று கேட்டதில்தான் இந்தப் பட்டறை தொடங்கியது.

நீர் புகுந்த எஞ்சினை அப்படியே உதைத்தால், காற்று அமுங்குவது போல் அமுங்காத நீர் பிஸ்டனுக்கு மேலே சிக்கி, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். ஆகவே முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும். அதன் பிறகே கிக்கரை மெல்ல மிதிக்க வேண்டும். பிளக் துளை வழியே பழுப்பு நீர் பீய்ச்சி வந்து என் சட்டையை நனைத்தது இன்னும் நினைவிருக்கிறது. அடுத்து ஆயில் போல்ட்டைத் திறந்தபோது வந்தது ஆயிலே அல்ல, டீக்கடையில் ஆற்றிய டீ. நிறமும் அதுதான், நுரையும் அதுதான். விலை குறைந்த ஆயிலை ஊற்றிக் கிக்கரைப் பலமுறை மிதித்துச் சுழற்றி வடித்தேன். மூன்றாவது முறை வடித்தபோதுதான் பால் கலக்காத நிறம் வந்தது. கார்புரேட்டர்க் கிண்ணத்தில் வண்டல், ஏர் பில்டரில் மண், பிரேக் டிரம்முக்குள் களிமண் பூச்சு. எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, நல்ல ஆயில் ஊற்றி, பன்னிரண்டாம் நாள் மாலையில் வண்டி ஓடியது. அன்றிலிருந்து இன்று வரை ஏறத்தாழ 58,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அதில் பெரும்பாலான வேலைகளை நானே செய்திருக்கிறேன், சிலவற்றை நானே கெடுத்துமிருக்கிறேன்.

கெடுத்த கதையை முதலில் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் கெட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான். கழற்றத் தெரியாமல் நான் கெடுத்தது குறைவு. திரும்பப் பூட்டும்போது தேவைக்கு மேல் இறுக்கியதால்தான் அதிகம் கெடுத்தேன்.

நான்காவதோ ஐந்தாவதோ ஆயில் மாற்றத்தின்போது, போல்ட் ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் கசிந்திருந்ததைப் பார்த்து, ரிங் ஸ்பேனரின் மேல் ஒரு குழாய்த் துண்டைச் செருகி இறுக்கினேன். கடைசிக் கால் சுற்றில், அதுவரை எதிர்த்து நின்ற போல்ட் திடீரென்று வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இளகிச் சுழன்றது. அந்த உணர்வை ஒருமுறை கையில் வாங்கியவர்களுக்கு மறக்காது. போல்ட் இரும்பு, அது ஏறும் எஞ்சின் கூடான கிராங்க் கேஸ் அலுமினியம். அழுத்தம் கூடினால் தோற்பது அலுமினியத்தின் மரைதான். உண்மையில் கசிவுக்குக் காரணம் தளர்ச்சி அல்ல, பலமுறை பயன்படுத்தி நசுங்கித் தட்டையாகிப்போன வாஷர். பத்து ரூபாய்கூடப் பெறாத வாஷரை மாற்றாமல் விட்டதற்கு, எஞ்சினைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அங்கிருந்தவர் துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, ஸ்பிரிங் போலச் சுருண்ட எஃகுக் கம்பியை உள்ளே செலுத்திப் பழைய போல்ட்டே பொருந்தும்படி செய்து கொடுத்தார். இன்று வரை அது ஒரு சொட்டும் விடவில்லை. மூல மரையைவிட உறுதியானது என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் ஒவ்வொரு முறை அந்தப் போல்ட்டைத் தொடும்போதும் கை தானாகவே நிதானிக்கிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, குறித்த அளவு இறுக்கம் வந்ததும் க்ளிக் என்று ஒலிக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கினேன். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் வேலை செய்ய விரும்புவோர் முதலில் ஆசைப்படுவது இதற்குத்தான். நான் வாங்கியது இறுக்கத்தை 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் பெரிய ரெஞ்ச். கார்ச் சக்கர நட்டுக்கு அது அருமையான கருவி. ஸ்பிளெண்டருக்கு ஏறக்குறைய உதவாது. இவ்வளவு சிறிய எஞ்சினில் பெரும்பாலானவை 6 மில்லிமீட்டர் போல்ட்டுகள். அவற்றுக்குத் தேவை சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான், அந்த ரெஞ்சின் அளவுகோல் தொடங்கும் இடத்துக்கும் வெகு கீழே. க்ளிக் ஓசைக்காகக் காத்திருந்து ஒரு மூடியின் போல்ட்டை முறித்த பிறகே இது எனக்கு உறைத்தது. பின்னர் வாங்கிய, 5 முதல் 25 வரை அளக்கும் சிறிய ரெஞ்ச் ஏழு ஆண்டுகளாக வேலை செய்கிறது. பெரியது பின்சக்கர அச்சு நட்டுக்காக மட்டும் வெளியே வருகிறது.

மற்றக் கருவிகளில் அதிகம் உழைத்தவை விலை குறைந்தவைதான். டப்பாரியா ரிங் ஸ்பேனர் செட், ஒரு பிளக் ஸ்பேனர், மெல்லிய இடைவெளியை அளக்கும் பீலர் கேஜ், கட்டிங் பிளையர், கிலோக் கணக்கில் வாங்கிய பனியன் வேஸ்ட். கால் உடைந்து சமையலறையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் இட்லித் தட்டும் இந்தப் பட்டியலில் சேரும். கழற்றிய வரிசையிலேயே திருகுகளைக் குழிக்கு ஒன்றாக இட்டு வைத்தால், பூட்டி முடித்ததும் எந்தக் குழியில் எது மிஞ்சியிருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். காந்தத் தட்டு என்று தனியாக விற்பதை வாங்கிப் பார்த்தேன். அதில் எல்லாத் திருகும் ஒன்றாகக் குவிந்துவிடுகின்றன.

ஸ்க்ரூ டிரைவர் விஷயத்தில் ஏமாறுவோர் பலர். ஜப்பானிய வடிவமைப்பிலிருந்து வந்த வண்டிகளில் கூட்டல் குறித் தலை கொண்ட திருகுகள் பார்வைக்குச் சாதாரண பிலிப்ஸ் போலவே இருக்கும். ஆனால் அவை ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவையாக இருக்கலாம். அத்தகைய திருகின் தலையில் பெரும்பாலும் சிறு புள்ளி ஒன்று குழிந்திருக்கும். பிலிப்ஸ் முனை அதில் அடிவரை இறங்காது. திருப்பும்போது முனை மேலே ஏறி வழுக்கித் தலையை மழுங்கடிக்கும். ஸ்பிளெண்டரின் வலப்புற மூடிக்குள் இருக்கும் சுழல் பில்டரின் மூடித் திருகுகளில்தான் நான் இதைக் கற்றேன். மூன்றில் இரண்டைத் திருப்பி எடுத்தேன், மூன்றாவது மழுங்கிவிட்டது. சுத்தியலால் தட்டினால் சுழலும் இம்பாக்ட் டிரைவரை மெக்கானிக்கிடம் இரவல் வாங்கித்தான் அதை எடுக்க முடிந்தது.

அந்தச் சுழல் பில்டரைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. இந்த எஞ்சினில் காகித பில்டர் கிடையாது. கிராங்க் அச்சின் வலது முனையில் ஒரு கிண்ணம் சுழல்கிறது. ஆயில் அதன் வழியாகச் செல்லும்போது, தயிர் கடையும்போது வெண்ணெய் ஒதுங்குவது போல, கனமான உலோகத் துகளும் கரியும் கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. கீழே ஒரு வலைச் சல்லடையும் உண்டு. ஆயிலை மட்டும் மாற்றிக்கொண்டு இந்த மூடியைத் திறக்காமலே பல்லாண்டு ஓடும் வண்டிகள் ஏராளம். என் வண்டியும் அப்படித்தான் இருந்தது. முதன்முறை திறந்தபோது உள்ளே கண்மை போலக் கறுத்து இறுகிய விழுது அரை விரற்கடை கனத்தில் படிந்திருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தால் வெயிலில் மின்னியது. அந்த மின்னல் அத்தனையும் தேய்ந்த உலோகம். டீசலில் கழுவித் துடைத்து, மூடியின் விளிம்பில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் பேக்கிங்கைப் புதிதாக வைத்து மூடினேன். பேக்கிங் என்பது ஒரு முறைக்கு மட்டுமே. பழையதைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்த இரண்டு தடவையும் வலப்பக்கம் எண்ணெய் வேர்த்தது.

இறுக்கத்துக்குத் திரும்புகிறேன். இந்த வண்டியில் ஒழுங்காக வேலை செய்யும் பல பாகங்களுக்கு இளக்கம் வேண்டியிருக்கிறது. செயின் சுமார் ஓர் அங்குலம் மேலும் கீழும் ஆட வேண்டும். ஆடாமல் விறைப்பாக இருப்பதே நேர்த்தி என்று எண்ணி, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரே இடத்தில் அளந்து, இறுக்கி வைத்தேன். செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராக நீளுவதில்லை என்பதும், பின்னால் ஆள் அமர்ந்து சக்கரம் மேலெழும்போது இளக்கம் மேலும் குறையும் என்பதும் அப்போது தெரியாது. வண்டி முனகத் தொடங்கியது; அடுத்த ஆண்டில் முன் ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கி போல வளைந்துவிட்டன. இப்போது சக்கரத்தைக் கையால் சுற்றி, செயின் மிக விறைப்பாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே அளந்தே சரிசெய்கிறேன்.

கிளட்ச்சும் அப்படியே. மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாமல் போனதும், பிளேட்டுகள் தேய்ந்துவிட்டன என்று முடிவுசெய்து சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய்ப் புது செட் வாங்கி வந்தேன். அதைக் கழற்றிப் பூட்டுவதற்கு முன் தெரு மெக்கானிக்கிடம் காட்டியது நல்லதாயிற்று. அவர் லீவரை விரலால் தட்டினார், அது அசையவில்லை. கேபிளை நான் அத்தனை இழுத்துக் கட்டியிருந்ததால் கிளட்ச் எப்போதும் பாதி அழுத்திய நிலையிலேயே இருந்திருக்கிறது. லீவர் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை வெறுமனே ஆட இடம் விட்டதும் வழுக்கல் நின்றது. அந்தப் பிளேட் செட் இன்னும் பிரிக்காத உறையிலேயே இருக்கிறது. கார் ஆயிலை ஊற்றினாலும் இதே வழுக்கல் வரலாம், ஏனெனில் இந்தக் கிளட்ச் ஆயிலிலேயே நனைந்து வேலை செய்கிறது. டப்பாவில், இத்தகைய நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்பதைக் காட்டும் ஜாஸோ எம்ஏ என்ற தரக்குறி அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

டாப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையிலான இடைவெளியைச் சரிசெய்வதுதான், எனக்கு மிகவும் பிடித்த வேலை. காலையில், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டியது. இடப்பக்க மூடியின் வட்டத் திருகைக் கழற்றி, மேக்னெட்டோ நட்டை இடஞ்சுழியாக மெல்லத் திருப்பி, டி என்ற குறி சன்னலுக்கு நேராக வந்து நிற்கும்போது இரண்டு ராக்கர்களும் விரலுக்கு லேசாக ஆடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆடவில்லை என்றால் இன்னொரு சுற்று. பிறகு பீலர் கேஜின் மெல்லிய இதழை நுழைத்தால், அது புத்தகப் பக்கங்களுக்கிடையே இழுக்கும் காகிதம் போலச் சிறு பிடிப்போடு வர வேண்டும். இங்கே கையேடு சொல்லும் இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். சத்தம் வராமலிருக்கட்டும் என்று அதையும் நான் ஒருமுறை குறைத்து வைத்தேன். வண்டி அமைதியாக ஓடியது; ஆனால் காலையில் கிளம்ப மறுத்தது. இடைவெளி போதாமல் வால்வு முழுதாக மூடாமல் நின்றால் அழுத்தம் குறையும். அப்படியே பல மாதம் ஓட்டினால் புகைபோக்கி வால்வின் விளிம்பு கருகிவிடும். லேசாகத் தட்டும் டாப்பெட் எனக்கு இப்போது நிம்மதியான சத்தம்.

பணத்தைப் பொறுத்தவரை, பெரிய சேமிப்பு என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். கருவிகளுக்கு இதுவரை ஏறக்குறைய 11,000 ரூபாய் ஆகியிருக்கிறது. லேத் செலவும் முறித்த போல்ட்டுகளும் தனி. கூலி மிச்சமானது அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் நிச்சயம் நட்டம்தான். மெக்கானிக் இருபது நிமிடத்தில் முடிக்கும் பிரேக் ஷூ மாற்றத்துக்கு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போய்விடுகிறது. கம்பிச் சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பது, போர்க் ஆயில் சீல், கிராங்க் பேரிங் ஆகியவற்றை நான் தொடுவதே இல்லை. கோட்டம் எடுப்பவரின் கை, ஒவ்வொரு கம்பியையும் சுண்டிப் பார்த்து ஓசையை வைத்தே எதை இறுக்குவது, எதை விடுவது என்று தீர்மானிப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதோடு சரி. வடித்த ஆயிலைக் கேனில் சேர்த்து வைத்து, பழைய ஆயில் எடுக்க வருபவரிடம் கொடுத்துவிடுகிறேன். சாக்கடையில் ஊற்றுவோரைப் பார்த்தால் இன்னும் கோபம் வருகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, முதல் நாள் மாலையே வண்டியைப் போர்டிகோவின் உள்மூலைக்குத் தள்ளி, செங்கல் அடுக்கிய பலகையின் மேல் ஏற்றி, சைலன்சர் வாயிலும் ஏர் பில்டர் வாயிலும் பிளாஸ்டிக் பையைக் கட்டினேன். தண்ணீர் சக்கர அச்சுக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது. வடிந்த பிறகும் சந்தேகம் விடவில்லை. அந்தப் பழைய போல்ட்டைத் திறந்து பார்த்தேன். டீ வரவில்லை. கறுத்த, ஆனால் தெளிந்த ஆயில் ஒரே தாரையாக வந்தது. புது வாஷர் போட்டு, சிறிய ரெஞ்சின் உச்ச அளவான 25இல் வைத்து, க்ளிக் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன்.

இப்போது ஓடோமீட்டர் 1,12,000ஐத் தாண்டியிருக்கிறது. போன மாதத்திலிருந்து மேல் டாப்பெட் மூடியின் ஓரத்தில் லேசாக எண்ணெய் வேர்க்கிறது. மூடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கலாமா என்று ஒரு நொடி கை போனது உண்மை. மூடிக்கான ரப்பர் வளையம், புது ஓ-ரிங், இட்லித் தட்டின் முதல் குழியில் காத்திருக்கிறது.