ஒரு மதிப்பெண் வினாவும் கிணற்று உப்பும்

எட்டாம் வகுப்பு மாணவரின் அறிவியல் எழுத்தறிவை, அதாவது அறிவியலைப் புரிந்து பயன்படுத்தும் திறனை, அளக்க, ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ வகை வினாக்கள் போதுமா, சூழல்சார் வினாக்கள் வேண்டுமா? முன்னதை நாற்பது பேருக்கு ஒரே மாலையில் திருத்திவிடலாம். திருத்துபவர் மாறினாலும் மதிப்பெண் மாறாது. அதன் நன்மை பெரும்பாலும் அவ்வளவே.

பின்னதற்கு வேதாரண்யம் பகுதியையே எடுத்துக்கொள்ளலாம். கடலோரக் கிணறு ஒன்றிலும் உள்நாட்டுக் கிணறு ஒன்றிலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் எடுத்த உப்பளவுகளை அட்டவணையாகக் கொடுத்து, நிலத்தடி நீரை மிகுதியாக இறைப்பதால் கடல்நீர் உட்புகுகிறது என்ற முடிவை இவ்வளவுகள் மட்டும் உறுதிப்படுத்துமா, வேறு எதை அளக்க வேண்டும் என்று கேட்டால், மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. பதினைந்து வயதினருக்கான பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பீசா (PISA) தேர்வு, அறிவியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட 2015-ஆம் ஆண்டுச் சுற்றில், நிகழ்வுகளை விளக்குதல், ஆய்வை மதிப்பிட்டு வடிவமைத்தல், தரவுகளையும் சான்றுகளையும் பொருள்கொள்ளுதல் ஆகிய மூன்று திறன்களையே அளந்தது.

ஆயினும் சூழல்சார் வினா முறையில், விடை தெரிந்தும் கோவையாக எழுதத் தெரியாத பிள்ளை மதிப்பெண் இழக்கக்கூடும் (வயற்காட்டில் வளர்ந்த பிள்ளை இதை வாய்மொழியாகத் தெளிவாகவே சொல்லிவிடும்). ஆகவே கலைச்சொல்லறிவுக்கு முன்னதையும், பருவத்துக்கு இரண்டு வினாக்களாகப் பின்னதையும், வாய்மொழி விடைக்கு இடமளித்து, பயன்படுத்துவதையே நான் ஏற்பேன்.