கொழும்புத் தரைக்கு எந்தத் துடைக்கும் ரொபோ? சாரோஸ், டிரீமி, டீபொட்: ஓர் ஒப்பீடு

நாலைந்து இலட்சம் கொடுத்து ஒரு துப்புரவு ரொபோ வாங்கலாமா என்று வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துத் தொடர்மாடிகளில் இப்போது பலர் யோசிக்கிறார்கள். விசாரிக்கிறவர்கள் அநேகமாக முதலில் கேட்பது, "எது கூட உறிஞ்சும்?" என்றுதான். விளம்பரங்களும் அந்த எண்ணைத்தான் பெரிதாகப் போடுகின்றன. 2024இல் ரொபோரொக் நிறுவனத்தின் எஸ்8 மேக்ஸ்வி அல்ட்ரா 10,000 பஸ்கால் (உறிஞ்சும் அழுத்தத்தை அளக்கும் அலகு) என்று வந்தது. அடுத்த வருடமே போட்டி 20,000ஐத் தொட்டுவிட்டது. சுவருக்குச் சுவர் கம்பளம் விரித்த குளிர்நாட்டு வீடுகளில் அந்த எண்ணுக்குப் பெறுமதி உண்டு. எங்கள் வீடுகளில் டைல்ஸ், டெராசோ, பழைய வீடென்றால் சிவப்புச் சீமெந்து. அதன் மேல் கிடக்கும் தூசிக்கும் முடிக்கும் 10,000 பஸ்காலே தாராளம். அதற்கு மேல் கொடுக்கும் காசு வேறு எதற்காவது பயன்பட வேண்டும்.

அந்த வேறு எது என்றால், துடைப்பு. கடலைப் பார்த்த வீட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் செப்டெம்பர் வரை, காலையில் துடைத்த தரை பின்னேரம் பிசுபிசுக்கும். உப்பு ஈரம் தூசியைப் பிடித்து மெல்லிய படலமாக டைல்ஸில் ஒட்டிவிடுகிறது. வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்கால் கறுக்கும். தும்புத்தடியால் எவ்வளவு கூட்டினாலும் அது போகாது, எந்த உறிஞ்சலுக்கும் அது அசையாது. ஈரத்துணி அழுத்தித் தேய்த்தால்தான் போகும். அதோடு குசினி வேறு: தேங்காய்ப்பூ, தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய், இடியப்ப மா. ஆகவே இந்த இயந்திரங்களை நான் துடைக்கும் முறையை வைத்துத்தான் பிரிப்பேன்.

முறைகள் மூன்று. முதலாவது, ரொபோவின் பின்பக்கத்தில் தட்டையாக ஒரு துணி, அது வேகமாக அதிரும். எஸ்8 மேக்ஸ்வி அல்ட்ராவும் 2025இல் வந்த சாரோஸ் 10உம் இந்த வகை. சாரோஸ் 10இன் துணி நிமிடத்துக்கு 4,000 தடவை அதிரும். இரண்டாவது, வட்டமான இரண்டு துணிகள் அடியில் சுழலும். அதே வருடத்து ரொபோரொக் சாரோஸ் 10ஆர், டிரீமி எக்ஸ்50 அல்ட்ரா இரண்டும் இப்படித்தான். ஒரு பக்கத்துத் துணி வெளியே நீண்டு சுவரோரத்தையும் தொடும். மூன்றாவது, எகோவாக்ஸின் டீபொட் எக்ஸ்8 புரோ ஒம்னியில் இருப்பது போன்ற உருளை. சுத்தத் தண்ணீர் உருளையின் மேல் பீச்சப்படும், உருளை நிமிடத்துக்கு 200 சுற்று வேகத்தில் தரையைத் தேய்க்கும், ஒரு தகடு அழுக்குத் தண்ணீரை வழித்து ரொபோவின் உள்ளேயே இருக்கும் தனித் தொட்டிக்கு அனுப்பும். ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடுவது கழுவிய துணி.

இந்த வித்தியாசம் காகிதத்தில் சின்னதாகத் தெரியும். குசினியில் பாருங்கள். துருவலைக்கு அடியில் தேங்காய்ப்பூ கொஞ்சம் சிந்தியிருக்கிறது என்று வைப்போம். காய்ந்த தூசியானால் பக்கத் தூரிகை ஒழுங்காக உள்ளே தள்ளிவிடும். தேங்காய்ப்பூ ஈரமானது, பாதியைத் தூரிகை அங்குமிங்கும் தெறிக்கவிடும். தப்பியது சுழலும் துணிக்கு அடியில் போகிறது. துணி அதை நசுக்கி, பாலைத் தரையில் தேய்த்து, சக்கையை ஓரத்துக்கு ஒதுக்கும். வேலை முடிந்து தரை காய்ந்த பிறகு, கறுப்பு டைல்ஸாக இருந்தால் யன்னல் வெளிச்சத்தில் சரிந்து பார்க்க வட்டம் வட்டமாக ஒரு மங்கல் தெரியும். அது தேங்காய் எண்ணெய்ப் படலம். அதே துணியோடு ரொபோ ஹோலுக்குள் போனால் படலமும் கூடவே போகும். உருளை வகையில் சக்கை தகட்டால் வழிக்கப்பட்டுத் தொட்டிக்குள் விழுந்துவிடுகிறது. படலம் முற்றாக இல்லாமல் போகும் என்று சொல்லமாட்டேன், ஆனால் அடுத்த அறைக்குப் போவது மிகக் குறைவு.

சுழல் துணிக்காரர்களுக்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு அறை முடிந்ததும், அல்லது இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, ரொபோ வந்து நிற்கும் பெட்டியான நிலையத்துக்குத் திரும்பித் துணியைக் கழுவிக்கொண்டு வரச் செயலியில் சொல்லலாம். குசினியைக் கடைசியாக வைத்தால் இன்னும் நல்லது. நேரம் கூடும், தண்ணீரும் கூடும். காய்ந்துபோன பருப்புக் கறையைத் தேய்த்து எடுப்பதில் சுழல் துணி நல்ல கெட்டிக்காரன், அதை மறுக்க முடியாது. அதிரும் தட்டைத் துணியை இந்த விலையில் கொழும்பு வீட்டுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். மா சிந்திய இடத்துக்கு மூன்று வகைக்கும் ஒரே விதி: முதலில் உறிஞ்சல் மட்டும், அப்புறம் துடைப்பு. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் மா பசையாகித் தூரிகையில் அப்பிக்கொள்ளும்.

அடுத்தது நிலையம். ரொபோவை விட இதில்தான் காசு அதிகம் போகிறது என்று நினைக்கிறேன், போகவும் வேண்டும். தூசியைப் பையில் இழுத்து, துணியைக் கழுவி, காற்று ஊதி உலர்த்தும் பெட்டி அது. சாரோஸ் 10ஆர், எக்ஸ்50 இரண்டும் 80 பாகை வெந்நீரில் துணியைக் கழுவும். தேங்காய் எண்ணெய் குளிர்ந்த தண்ணீருக்கு அசையாது என்பது சட்டி கழுவுகிற எல்லோருக்கும் தெரியும், எனவே இந்தச் சூடு வெறும் அலங்காரம் இல்லை. ஆனால் கொழும்புக் காலநிலைக்குக் கழுவுவதை விட உலர்த்துவது முக்கியம். கழுவிய துணி சூடான காற்றில் முழுதாகக் காயாவிட்டால், இந்தப் புழுக்கத்தில் மறுநாள் காலை புளித்த வாடை வரும், அந்த வாடையையே ரொபோ வீடு முழுக்கப் பூசும். உருளை தடிப்பானது, காய நேரம் கூட எடுக்கும். தகட்டோரத்திலும் உள் தொட்டியிலும் வழுவழுப்பு படியும். கிழமைக்கு ஒருமுறையாவது கழற்றிக் கழுவி, உருளையைப் பல்கனி வெயிலில் வைக்க மனமில்லாதவர் அதை வாங்கக் கூடாது.

அழுக்குத் தண்ணீர்த் தொட்டியை எந்த வகையானாலும் தினமும் ஊற்றிவிடுங்கள். ஊர்த் திருவிழாவுக்கென்று பூட்டிவிட்டுப் போகும்போது சுத்தத் தண்ணீர்த் தொட்டியையும் காலியாக்கிக் கவிழ்த்து வையுங்கள். டெங்கு உள்ள நகரத்தில் எங்கேயும் தண்ணீரைத் தேக்கி வைக்காமல் இருப்பது நல்லது. தண்ணீரைப் பொறுத்தவரை கொழும்புக்காரருக்கு ஒரு அதிர்ஷ்டம். களனி ஆற்றிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வரும் குழாய்த் தண்ணீர் மென்மையானது, வெந்நீர்ச் சூடாக்கியில் படிவு பிடிப்பது குறைவு. இதே இயந்திரத்தை யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டால் சுண்ணாம்புப் படிவு விரைவிலேயே தொல்லை தரும்.

வழி கண்டுபிடிப்பது, படம் வரைவது, அறைகளைப் பிரிப்பது ஆகியவற்றில் சாரோஸ் 10ஆர், எக்ஸ்50, எக்ஸ்8 மூன்றும் நல்லவை. அதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. நீண்ட தலைமுடி சிக்காத தூரிகையும் மூன்றிலும் உண்டு. குத்துவிளக்கு நிற்கும் இடத்தையும் வாசல் கோலத்தையும் செயலியில் தடை வலயமாகக் குறித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

உயரம்தான் உண்மையில் வேறுபடுகிறது. சாரோஸ் 10ஆருக்கு மேலே, வழி பார்ப்பதற்கான சுழலும் கோபுரம் கிடையாது. மொத்த உயரமே 7.98 சென்டிமீட்டர். எக்ஸ்50 தன் கோபுரத்தை உள்ளிழுத்து 8.9க்கு இறங்கும். எக்ஸ்8 கிட்டத்தட்ட 9.8. செற்றி, கட்டில், அலுமாரி ஆகியவற்றின் அடியை அடிமட்டத்தால் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் இருந்தால் எக்ஸ்8 வெளியிலேயே நிற்கும். குனிய முடியாத பெற்றோர் இருக்கும் வீட்டில், தும்புத்தடி போகாத அந்த இருட்டு இடத்துக்காகத்தானே இவ்வளவு காசு கொடுக்கிறோம்.

படி இன்னொரு விஷயம். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளில் கதவு நிலையின் கீழ்க்கட்டை உயரமாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சாதாரண ரொபோ ஒன்று தினமும் அந்தக் கட்டையில் முட்டிவிட்டுத் திரும்பும். "தம்பி, இது குசினிக்குள்ள வராதோ?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். அப்படியான வீட்டுக்கு டிரீமி எக்ஸ்50 ஒன்றுதான் சரியான பதில். அதன் அடியிலிருந்து சின்னக் கால்கள் இறங்கி உடம்பைத் தூக்கும், படிப்படியாக அமைந்த தடையானால் 6 சென்டிமீட்டர் வரை ஏறும், ஒற்றைப் படியானால் 4 சொச்சம். சாரோஸ் 10ஆரும் படிப்படியான தடையில் 4 வரை ஏறும் என்கிறார்கள். தரை ஒரே மட்டமாக ஓடும் புதிய தொடர்மாடியில் இந்தக் கால்களுக்கு வேலையே இல்லை, அதற்கென்று கூடக் கொடுப்பது வீண்.

இனிக் காசு. 2025இல் அமெரிக்காவில் அறிமுகமானபோது எக்ஸ்50 1,699 டொலர், சாரோஸ் 10ஆர் 1,599, எக்ஸ்8 1,299. டொலருக்கு 300 ரூபாய் என்று போட்டாலே முறையே ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேல், நாலே முக்கால், மூன்று தொண்ணூறு. இங்கே இறக்கினால் 18 வீத வற் வரியும் மற்றத் தீர்வைகளும் சேரும். அதனால்தான் "அண்ணா கனடாவிலிருந்து வரும்போது கொண்டுவரட்டும்" என்ற பேச்சு வருகிறது. அதில் கவனம் தேவை. கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. போன் சார்ஜர் போல எதையும் தாங்கும் சாதனம் இல்லை இது. தண்ணீரைச் சூடாக்கும் நிலையத்தை அப்படியே சொருகினால் அங்கேயே கதை முடியும், வோல்ட் மாற்றி ஒன்று வாங்கினாலும் அது பெரியதாக, பாரமானதாக இருக்க வேண்டும். லண்டனிலிருந்து வந்தால் பிரச்சினை இல்லை, வோல்ட்டும் அதுவே, பிளக்கும் சதுர மூன்று முள். சீனச் சந்தைக்கான மாதிரி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், செயலி வேறு பிராந்தியக் கணக்கில் இணைய மறுப்பதுண்டு.

எங்கே வாங்கினாலும் தூசிப்பை, துணி அல்லது உருளை, பக்கத் தூரிகை, வடிகட்டி ஆகியவை கொழும்பில் அலுமாரியில் இருக்கின்றனவா என்று கடையில் கண்ணால் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். "ஓடர் போட்டால் வரும்" என்ற பதிலை நம்ப வேண்டாம். பெயரை மட்டும் நம்பவும் முடியாத காலம் இது. 2002இல் ரூம்பா என்ற துப்புரவு ரொபோவை முதலில் விற்ற ஐரோபோட் நிறுவனமே 2025 டிசம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது.

கரண்ட் போனால் ரொபோ பற்றரியில் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆனால் திரும்பி வரும்போது நிலையம் செத்திருந்தால் கழுவலும் இல்லை, உலர்த்தலும் இல்லை. 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுக்க இருண்டது போன்ற நாளில் ஈரத்துணியைக் கையால் கழற்றிக் காயப்போடுவதுதான் வழி. வைஃபைக்கு வைத்திருக்கும் சின்ன யூபிஎஸ்ஸில் நிலையத்தைச் சொருகாதீர்கள், வெந்நீர்ச் சூடாக்கியை அது இழுக்காது.

கமெராவைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். மூன்றிலும் கமெரா இருக்கிறது. 2024 மே மாதத்தில் அமெரிக்காவின் சில நகரங்களில் எகோவாக்ஸின் முந்தைய மாதிரியான எக்ஸ்2 ரொபோக்களுக்குள் யாரோ புகுந்து, அவற்றின் ஒலிபெருக்கி வழியாக வீட்டுக்காரர்களைக் கெட்ட வார்த்தையால் ஏசினார்கள். நேரடிப் படத்தைக் காக்க வேண்டிய நான்கு இலக்க இரகசிய எண்ணைச் சரிபார்த்தது செயலி மட்டும்தான் என்பதை ஆய்வாளர்கள் அதற்கு முன்பே காட்டியிருந்தார்கள். எகோவாக்ஸ் மட்டும் இதில் மாட்டவில்லை. பரிசோதனை ரூம்பாக்கள் எடுத்த வீட்டுப் படங்கள் வெளியே கசிந்த செய்தி 2022இல் வந்தது. ஆகவே எதை வாங்கினாலும் வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல், இரட்டைச் சரிபார்ப்பு, விருந்தினர் வைஃபை, தூரத்திலிருந்து படம் பார்க்கும் வசதியை நிறுத்தி வைத்தல், இந்த நாலும் முதல் நாளே நடக்க வேண்டும். படுக்கையறையை ஆட்கள் இல்லாத நேரத்தில் மட்டும் துடைக்க விடுங்கள்.

என் தெரிவு இது. ஒரே மட்டத் தரை, தினமும் தேங்காய் திருவும் குசினி, கடற்காற்று, இந்த மூன்றும் உள்ள தொடர்மாடி வீட்டுக்கு டீபொட் எக்ஸ்8. விலையும் மூன்றில் குறைவு, துடைப்பும் மேல். கமெரா விஷயத்தில் மேலே சொன்ன நாலையும் செய்ய ஆள் இல்லாத வீடென்றால் அதை நான் சொல்லமாட்டேன். தளபாடங்கள் தாழ்வாக உள்ள வீட்டுக்கும், உருளையைக் கழற்றிக் கழுவ முடியாத வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கும் சாரோஸ் 10ஆர், குசினியைக் கடைசியில் துடைக்கும் ஒழுங்கோடு. நிலைக்கட்டை உள்ள பழைய வீட்டுக்கு எக்ஸ்50. அங்கேயும் எல்லா அறைக்கும் நடுவே அந்தக் கட்டை இருந்தால் மட்டும். ஒரே ஒரு வாசலில்தான் என்றால், தச்சரைக் கூப்பிட்டு இரண்டு பக்கமும் சரிவாக ஒரு பலகை அடித்துவிட்டு மற்ற இரண்டில் ஒன்றை வாங்குங்கள்.